காது இரையும்

மலையடிவாரத்தில் ஒரு மடம். மடம் என்று ஊர்தான் சொல்லும். பார்த்தால் ஓடு போட்ட ஒரு கொட்டகை, முன்னால் ஒரு புங்கமரம், சுவரில் ஒரு கரும்பலகை. அவ்வளவுதான்.

அங்கே குருவாக இருந்தவர் வடிவம்மா. இருபத்திரண்டு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு, ஒரு நாள் போதும் என்று எழுந்து வந்தவர். உபதேசம் எல்லாம் செய்ய மாட்டார். கேட்டால் பதில் சொல்வார், அதுவும் பாதிதான் சொல்வார். அதற்கே ஜனங்கள் அவரை குருவாக்கிவிட்டார்கள்.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் சிவக்கொழுந்து. குருவைவிட எட்டு வயது மூத்தவர். முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். ரிட்டயரான மறுமாதமே வேட்டியைக் காவியாக்கிக்கொண்டு பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார்.

நல்ல மனுஷர்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் எதையும் இருக்கிறபடி விடமாட்டார். தாகமாக இருக்கிறது என்று யாராவது வந்தால், "நீர்வேட்கையோ?" என்று கேட்டுவிட்டுத்தான் செம்பை எடுப்பார்.

ஆறு வருஷமாக அவர் தினமும் விடியலில் கண்ணை மூடி உட்கார்ந்தார். உள்ளே ஒரு நாதம் எழும், அது கேட்டுவிட்டால் கரையேறிவிடலாம் என்று ஏடுகளில் படித்திருந்தார். முட்டிவலிதான் வந்தது. நாதம் வரவில்லை.

அந்த ஐப்பசியில் மலையில் குளிர்காய்ச்சல் பரவியது. வீட்டுக்கு ஒருவர், சில வீட்டில் எல்லாரும், கம்பளியைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டி நடுங்கினார்கள். சுகாதார ஆள் ஒருவர் ஒரு டப்பா நிறையக் கொயினா மாத்திரையை மடத்தில் வைத்துவிட்டுப் போனார். ஆஸ்பத்திரி இருபத்தாறு மைல் கீழே. வடிவம்மா ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்த்து, கூட நின்று முழுங்க வைத்துக்கொண்டிருந்தார்.

நடுவில் ஒரு பிரசவம் சிக்கலாகிவிட்டது. அந்தப் பெண்ணை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அவரே கீழே போகவேண்டி வந்தது. போகிற அவசரத்தில் சிவக்கொழுந்தைக் கூப்பிட்டார்.

"ஐயா, மாத்திரையை உங்க பொறுப்புல விட்டுட்டுப் போறேன். வேளைக்கு ரெண்டு. மூணு வேளை. ஏழு நாள். அதுக்கு மேல ஒண்ணுகூடக் கூடாது."

"ஆகட்டும் அம்மா."

"காது இரையும். கொஞ்சம் இரைஞ்சா பயமில்லை. ரொம்ப இரைஞ்சா, காது அடைச்சா, கண்ணு மங்கினா, மாத்திரையை நிறுத்திட்டு ஆளைக் கீழே அனுப்பிடுங்க."

"ஆகட்டும்."

"பலகையில எழுதிப் போட்டுடுங்க. படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சுச் சொல்லட்டும்."

ஜீப் போய்விட்டது. சிவக்கொழுந்து சாக்பீஸை எடுத்தார்.

அவர் மட்டும் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை. "காது இரையும்" என்று எழுதக் கை வரவில்லை அவருக்கு. முப்பத்துநாலு வருஷத் தமிழ் குறுக்கே வந்து நின்றது. ஒரு வெண்பாவாகவே பாடிவிட்டார். அதில் "காது இரையும்" என்பது "செவியில் நாதம் எழும்" என்று ஆகிவிட்டது. கடைசி அடியில் "நிறுத்துக" என்று போட்டால் தளை தட்டியது. அதனால் "அமைக" என்று போட்டார். அமைதல் என்றால் அடங்குதல், நின்றுவிடுதல் என்றும் ஒரு பொருள் இருக்கிறதாம். அந்த மலையில் அது யாருக்குத் தெரியும்? கண் மங்குவதும் ஆளைக் கீழே அனுப்புவதும் வெண்பாவில் இடம் போதாமல் வெளியே நின்றுவிட்டன.

எழுதிவிட்டுப் பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

மாதி என்று ஒரு பெண். காட்டில் நெல்லிக்காயும் துடைப்பம் கட்டுகிற சீமாற்றுப் புல்லும் சேர்த்துக் கொண்டுவந்து பிழைக்கிறவள். ஏழு மாதக் கைக்குழந்தைக்காரி. அவளுக்குக் காய்ச்சல் கண்டு, புருஷன் ஜடையன் முதுகில் சுமந்துகொண்டு வந்தான். குடிசையிலிருந்து போய்வர முடியாது என்று மடத்திலேயே ஒரு மூலையில் அவளைப் படுக்க வைத்தார்கள். ஜடையன் நாலாவது வரை படித்தவன். பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"சாமி, அமைகன்னா என்னங்க?"

சிவக்கொழுந்து அப்போது இன்னொருவருக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். "அமைதியா இருக்கணும்ப்பா" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

தான் எழுதியதற்குத் தானே தப்பாகப் பொருள் சொன்னார் மனுஷர்!

மூன்றாம் நாள் மாதிக்குக் காய்ச்சல் விட்டது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். ஜடையனுக்கு நிம்மதி. வேலிக்குக் கல் சுமக்கும் வேலை பாதியில் கிடக்கிறது என்று மேலே போய்விட்டான். மறுநாள் மாதி சிவக்கொழுந்திடம் வந்தாள்.

"சாமி, காதுக்குள்ள ஙொய்யுங்குதுங்க."

சிவக்கொழுந்து நிமிர்ந்தார். "எப்படி? எப்படிக் கேட்கிறது?"

"வண்டு கத்தறாப்பல. விடாமக் கத்துதுங்க."

"விடாமலா?"

"ஆமாங்க. கண்ணை மூடினா இன்னும் பெருசாக் கேக்குது."

ஏடுகளில் அப்படியேதான் எழுதியிருந்தது. வண்டின் ஒலி. விடாமல். கண்ணை மூடினால் பெருகும். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பலகையில் நாதம் என்று எழுதியது தாம்தான் என்பதே அவருக்கு மறந்து போயிற்று. யாரோ பெரியவர் எழுதிவைத்தது போல அதைப் பார்த்தார்.

"மாதி, உனக்கு வாய்த்திருக்கிறது பெரிய பேறு. அது நோய் இல்லை. நாதம்."

"நல்லதுங்களா?"

"நல்லதா! இதற்காகத் தவம் கிடக்கிறார்கள் அம்மா."

மாதி பயம் தெளிந்து சிரித்தாள். பிறந்ததிலிருந்து அவளை யாரும் அப்படி மரியாதையாகப் பார்த்ததில்லை.

சாயந்திரம் வந்து, சத்தம் குறைகிற மாதிரி இருக்கிறது என்றாள். வாத்தியார் இன்னும் இரண்டு மாத்திரை கொடுத்தார். குறையும்போதெல்லாம் வாங்கிக்கொள் என்றார். அன்றைக்கு எட்டு, அடுத்த இரண்டு நாளும் பத்து, பன்னிரண்டு என்று ஏறியது. வாந்தி வந்தது. உள்ளே இருக்கிற மாசு கழிகிறது என்றார். தலை சுற்றியது. நாதத்தின் வேகம் என்றார். அட, அவர் வாயை அடைக்க அந்த இடத்தில் ஒரு ஆள் இல்லையே!

இன்னும் கேளுங்கள். மனுஷருக்கு ஆசை தாங்கவில்லை. காய்ச்சல் துளியும் இல்லாமல் தானும் நாலு மாத்திரையை முழுங்கிவிட்டு உட்கார்ந்தார். கேட்டது! ஆறு வருஷம் வராதது அரை நாளில் வந்துவிட்டது. புங்கமரத்தடியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். மறுநாள் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வந்ததும் விட்டுவிட்டார். நாம் இன்னும் பக்குவப்படவில்லை என்று அதற்கு ஒரு உரை எழுதிக்கொண்டார்.

அவர் நிறுத்திவிட்டார். மாதியை நிறுத்தச் சொல்லவில்லை.

ஏழாம் நாள் காலையில் வடிவம்மா ஜீப்பிலிருந்து இறங்கினார். பிரசவத்தில் தாயும் பிள்ளையும் பிழைத்த சந்தோஷம் முகத்தில் இருந்தது. மரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். நடுவில் மாதி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அவள் நெற்றியில் திருநீறு, கழுத்தில் செவ்வரளி மாலை. அவளுக்கு நாலடி பின்னால் துணித்தூளியில் குழந்தை வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

"என்ன இது? பிள்ளை அழுதுல்ல?"

சிவக்கொழுந்து விரலை வாயில் வைத்தார். "அம்மா, மெதுவாக. மாதி நாதத்தில் இருக்கிறாள்."

"எதுல?"

"நாதத்தில்."

வடிவம்மா அவரைத் தள்ளிக்கொண்டு போனார். மாதியின் பின்னால் நின்று, "மாதி!" என்று கூப்பிட்டார். அவள் அசையவில்லை. இரண்டு கையையும் ஓங்கித் தட்டினார். மரத்தில் இருந்த காக்கை பறந்தது. மாதி அசையவில்லை. தூளியிலிருந்து குழந்தையை எடுத்துக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தார். அப்போதுதான் அவள் கண்ணைத் திறந்தாள். குழந்தையின் வாயைப் பார்த்தாள். அது அழுகிறது என்று வாயைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

வடிவம்மா உள்ளே போய் டப்பாவைத் திறந்து பார்த்தார். வெளியே வந்து பலகையைப் படித்தார். ஒரு தடவை படித்தார், இன்னொரு தடவையும் படித்தார்.

"நாதம்னு யார் சொன்னது?"

"நீங்கள்தானே அம்மா, காது இரையும் என்று…"

"இரையும்னு சொன்னேன்."

"அதைத்தான் கொஞ்சம் நல்ல தமிழில்…"

"இரையறதுன்னா தமிழ் இல்லையா?"

சிவக்கொழுந்து பலகைப் பக்கம் திரும்பினார்.

"இரையறதுன்னு எழுதியிருந்தா இவ பயந்திருப்பா. பயந்து மாத்திரையை விட்டிருப்பா. அந்தப் பயம்தான்யா அவளுக்கு மருந்து. அதைப் பிடுங்கிட்டு மாலையைப் போட்டுட்டியே!"

ஆறு வருஷத்தில் வடிவம்மா அவரை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அவருக்கு 'நீங்க' கிடைக்கவே இல்லை.

"அம்மா, எனக்கும் கேட்டது. நானே கேட்டேன். மாத்திரை ஒரு நிமித்தம்தானே, உள்ளே எழுந்தது…"

"உனக்கு எழுந்தது கொயினா!"

கூட்டம் மெல்லக் கலைந்தது. வடிவம்மா மாதியின் கழுத்தில் இருந்த மாலையைக் கழற்றி எறிந்தார். ஜீப் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. மாதியையும் பிள்ளையையும் அதிலேயே ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பப் போனார். வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள். மாதிக்கு மங்கியிருந்த கண் தெளிந்துவிட்டது. இடது காதில் கொஞ்சம் கேட்கிறது, கிட்ட நின்று கத்தினால். வலது காது போனதுதான் என்று காது டாக்டர் சொல்லிவிட்டார்.

ஜடையன் அன்று மடத்து வாசலில் வந்து நின்றான். அரிவாளோடு வரவில்லை. வெறும் கையோடு வந்து நின்றான், அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

"சாமியாம் சாமி! நாங்க காட்டுல கண்ணை வச்சா பொழைக்கறோம்? புதருக்கு அந்தாண்ட யானை நின்னா கண்ணுக்குத் தெரியுமா? காதாலதானுங்கய்யா உசுரைப் பிடிச்சிட்டிருக்கோம். பிள்ளையை முதுகுல கட்டிக்கிட்டு இவ நாளைக்கு எப்படிக் காட்டுக்குள்ள போவா? சொல்லுங்க. நீங்கதான் எல்லாத்துக்கும் அர்த்தம் சொல்லுவீங்களே, இதுக்குச் சொல்லுங்க!"

சிவக்கொழுந்து வடிவம்மாவின் காலடியில் உட்கார்ந்தார்.

"அம்மா, எனக்கு ஒரு பிராயச்சித்தம் சொல்லுங்கள். நாற்பத்தெட்டு நாள் உண்ணாமல் இருக்கிறேன். மலையை முட்டி போட்டுச் சுற்றி வருகிறேன்."

"நீ பட்டினி கிடந்தா இவளுக்குக் காது கேக்குமா?"

"இல்லை அம்மா."

"நீ முட்டியைத் தேய்ச்சா?"

"இல்லை."

"உன் காது எப்படி இருக்கு?"

"நன்றாகக் கேட்கிறது அம்மா."

"அப்ப நாளையிலிருந்து காட்டுல அவளுக்கு முன்னாடி நட."

ஜடையன் அந்தக் கோபத்திலும் சிரித்துவிட்டான். "இவரா? இவரைப் பார்த்து யானை சிரிக்குங்க."

"சிரிக்கட்டும். சிரிச்சா சத்தம் கேக்குமில்ல, திரும்பி ஓடி வந்துடுவாரு."

நடந்தார். அதையும் சொல்லிவிட வேண்டும். அறுபது வயதுக்கு மேல், முட்டிவலியோடு, மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் நடந்தார். இருபதடி முன்னால் அவர் போவார். பின்னால் குழந்தையைக் கட்டிக்கொண்டு மாதி வருவாள். இருவரும் பேசுவதில்லை. ஒரு நாள் நடக்கிற நடையிலேயே மனசுக்குள் ஏதோ செய்யுள் ஓடி, தலையை ஆட்டிக்கொண்டே போனார். முதுகில் சுளீர் என்று ஒரு நெல்லிக்காய் வந்து விழுந்தது. திரும்பினால், மாதி மூக்கைச் சுருக்கிக்கொண்டு பக்கத்துச் சரிவைக் காட்டினாள். யானை வாடை. காதுள்ளவர் கோட்டைவிட்டதைக் காதில்லாதவள் மூக்கால் பிடித்துவிட்டாள். இருவரும் அரவம் இல்லாமல் பின்வாங்கினார்கள். அன்றிலிருந்து காட்டுக்குள் அவர் மனசு வாயைத் திறக்கவில்லை.

அந்த மூன்று மாதமும் சாயந்திரமானால் மலைக்கோயிலுக்குப் போய் நின்று அழுவார். சாமியிடம் மன்னிப்புக் கேட்டுப் பதிகம் ஒன்று பாடினார். பத்துப் பாட்டு. கல்லும் கரையும், அவ்வளவு உருக்கம். விடியலில் குருவுக்கு ஒரு நமஸ்காரம், அதோடு ஒரு பெருமூச்சு. வடிவம்மா கண்டுகொள்ளவே இல்லை. காய்ச்சல்காரர்கள் வந்தால் அவரே எழுந்து போய் மாத்திரை கொடுப்பார், டப்பாவை இடுப்பிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

தை முடிய ஒரு வாரம் இருக்கும். காலையில் கிளம்பும் நேரம். மாதி பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு புங்கமரத்தடியில் தயாராக நின்றாள். சிவக்கொழுந்து குருவிடம் வந்தார். அடக்கி வைத்த ஆத்திரம் அவருக்கும் இருந்தது. அது அன்றைக்கு உடைந்துவிட்டது.

"அம்மா, மூன்று மாதமாயிற்று. என் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை நீங்கள். நானும் மனுஷன்தானே? செய்தது தப்புதான். தெரிந்தா செய்தேன்? இன்னும் என்னதான் செய்ய வேண்டும்?"

வடிவம்மா குழந்தை ஒன்றுக்குப் பொடித்த மாத்திரையைத் தேனில் குழைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"யார்கிட்டல்லாம் மன்னிப்புக் கேட்டே?"

"சாமியிடம் தினமும் கேட்கிறேன்."

"என்ன சொல்லுது?"

"அது எப்படி அம்மா சொல்லும்? உங்களிடமும் கேட்கிறேன். எப்போது என்னை மன்னிப்பீர்கள்?"

வடிவம்மாவின் கை நின்றது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார், மூன்று மாதத்தில் முதல் தடவையாக.

"போனது என் காதாய்யா?"

சிவக்கொழுந்து மரத்தடியில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தார்.

"போ. இடது பக்கமா நின்னு, கிட்டப் போய்க் கத்திக் கேளு. ஊருக்கெல்லாம் கேக்கட்டும்."